கொண்டையில் வந்த முதல் தரம்

மலைநாட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் முதல் வரியிலேயே பனிமூட்டத்தைக் கொண்டுவந்துவிடுகிறார்கள். பஞ்சு என்கிறார்கள், பட்டு என்கிறார்கள். பங்களா ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும் போல. அந்தப் பட்டுக்கும் பஞ்சுக்கும் நடுவே இந்தியாவிலிருந்து வந்த விருந்தாளிகளை நிறுத்தி, ஒரு வாரம் ஊரைச் சுற்றிக்காட்டச் சொன்னால் தெரியும் சேதி. நான் காட்டியிருக்கிறேன். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. என் கல்யாணமே அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

வந்தவர்கள் என் அத்தையும் அவருடைய மகனும். அத்தை அப்பாவுக்குத் தங்கை. துறையூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவர். அப்பா இளவட்டத்தில் கப்பலேறி இலங்கைக்கு வந்தவர். அதற்குப் பிறகு தங்கையை ஒரே ஒரு தடவைதான் நேரில் பார்த்தார். மற்றபடி அண்ணன் தங்கை பாசம் முழுவதும் கடுதாசியில்தான் நடந்தது. அப்பா சொல்லச் சொல்ல அதை எழுதியவள் நான். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்த புண்ணியம்.

அப்பா பொய் சொல்லமாட்டார். இதை நான் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வேன். உண்மைக்குத் தலைவாரிப் பொட்டுவைத்து அனுப்புவார், அவ்வளவுதான். தோட்டத்து ஆட்கள் வரிசை அறைகளில் குடியிருக்கிற எங்கள் லயத்துக்குப் பின்னால் ஒரு தகரப் பீலியில் தண்ணீர் விழும். லயத்துக்கே அந்த ஒரு பீலிதான். அது கடுதாசியில் ‘வீட்டு வாசலிலேயே சின்ன அருவி, எதிர்மலையில் பெரிய அருவி’ என்று ஆனது. துரை பங்களா ஒரு மைல் மேலே இருந்தது. அது ‘பங்களாவுக்குக் கீழேதான் நம் வீடு’ என்று ஆனது. மலைக்குக் கீழே இருக்கிறவன் எல்லோருமே பங்களாவுக்குக் கீழேதானே, அதில் என்ன தப்பு?

ஒரு கடுதாசியில், ‘சீமைத் துரைமார் குடிக்கிற முதல் தரத் தேயிலை நம் கையில்தான் இருக்கிறது’ என்று ஒரு வரி சொன்னார். நானும் வெட்கமில்லாமல் எழுதினேன். கையில்தான் இருந்தது. நான் அப்போது கொழுந்து பறிக்கப் போகவில்லை. ஸ்டோரில், அதாவது தேயிலையை அரைத்துக் காயவைக்கிற ஆலையில், தூளிலிருந்து காம்பு பொறுக்குகிற வேலை. காலையிலிருந்து சாயந்தரம் வரை முதல் தரம் என் கையில்தான். சாயந்தரம் வாசலில் காவல்காரர் நின்றுகொண்டு மடியை உதறிக்காட்டச் சொல்லுவார். எங்கள் குடும்பத்துக்குத் தோட்டம் கொடுத்ததோ சலித்துச் சலித்துக் கடைசியில் மிஞ்சுகிற மட்டத்தூள். வெந்நீர் பட்டவுடன் கருகருவென்று சாயம் இறங்கும். பிறந்ததிலிருந்து அதைத்தான் குடித்தோம். உள்ளங்கையில் கொஞ்சம் சீனியை வைத்து நக்கிக்கொண்டு, ஆகா ஓகோ என்று குடித்தோம்.

அந்த வரிதான் அத்தையை அசைத்துவிட்டது என்று நினைக்கிறேன். ‘அண்ணன் மகளை என் மகனுக்கு எடுக்க ஆசை. நேரில் வந்து எல்லாம் பார்த்துவிட்டு வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்ளலாம்’ என்று பதில் வந்தது. அதையும் நான்தான் வாசித்துக் காட்டினேன். என் கல்யாணச் சேதியை நானே உரக்கப் படித்தேன். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எனக்குச் சம்மதமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த நிமிஷமே தலையாட்டியிருப்பேன். மாப்பிள்ளைக்காக இல்லை, வெயிலுக்காக. அத்தை ஊரில் மத்தியானம் மண்ணில் கால் வைக்க முடியாதாம், அப்படிச் சுடுமாம். கேட்கும்போதே எனக்கு வாயில் எச்சில் ஊறும். எங்கள் லயத்தில் துவைத்த பாவாடை நாலு நாள் கொடியில் கிடந்தாலும் ஈரம் போகாது. நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து என் கால்விரல் இடுக்கு ஒரு நாளும் முழுசாகக் காய்ந்ததில்லை. மற்றப் பெண்கள் கல்யாணத்துக்குப் பட்டும் சங்கிலியும் கேட்டார்கள். எனக்குக் காய்ந்த கால் போதும் என்றிருந்தது.

இரண்டு பேரும் ஒரு வெள்ளிக்கிழமை தலவாக்கலையில் ரயிலை விட்டு இறங்கினார்கள். ஊரைக் காட்டுவதற்கு முந்தி அவர்களைத் துரைக்குக் காட்டவேண்டியிருந்தது. வெளியாள் லயத்தில் தங்குவதென்றால் அனுமதி வேண்டும், அது தோட்டத்துச் சட்டம். மறுநாள் விடிகாலையில் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி வேலைக்குப் பிரிக்கிற பெரட்டுக் களத்துக்கு அப்பா அவர்களைக் கூட்டிக்கொண்டு போனார். கணக்கப்பிள்ளை அத்தையை மேலும் கீழும் பார்த்தார்.

“எத்தன நாளைக்கு?”

“எட்டு நாளைக்குங்க. என் தங்கச்சிங்க,” என்றார் அப்பா, தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு.

திரும்பி வரும்போது அத்தை கேட்டார்: “என்னாண்ணே, அண்ணன் வீட்டுக்கு வந்ததுக்கு நான் என்னா களவாணியாட்டம் ஆசர் குடுக்கணுமா?”

“அது வந்து தங்கச்சி, இங்க மரியாத அப்பிடி. வந்தவங்கள எல்லாருக்கும் அறிமுகப்படுத்துவாங்க,” என்றார் அப்பா. பாருங்கள், கடுதாசி இல்லாமலேயே எழுதிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை எதிர்மலை அருவிக்குப் போனோம். ஐந்து பேரும் வரிசையாகத் தேயிலைக்குள் இறங்கி ஏறிப் போய், அருவி தெரிகிற பாறையில் நின்றோம். எங்களுக்கு முன்னால் வெள்ளையாக ஒரு சுவர் இருந்தது. அந்தச் சுவருக்குப் பின்னால் ஹோவென்று சத்தம். அப்பா கையை நீட்டினார்.

“அந்தா, அங்கதான் விழுகுது.”

“எங்க?”

“அந்தா, சத்தம் வருதுல்ல.”

“சத்தத்தப் பாக்கவா நான் கடலத் தாண்டி வந்தேன்?”

அரை மணி நேரம் நின்றோம். பனி விலகவில்லை, சாரல்தான் கூடியது. அந்த இடைவெளியில் எங்கள் ஊரின் அடுத்த விசேஷம் அத்தையின் கணுக்காலில் ஏறிவிட்டது. ஒன்றல்ல, மூன்று அட்டைகள். அத்தை போட்ட கூச்சலில் அருவிச் சத்தமே அடங்கிப்போனது. அம்மா இடுப்பில் முடிந்துவைத்திருந்த உப்பைத் தேய்த்து எடுத்துப் போட்டார். ரத்தம் மட்டும் லயத்துக்கு வந்து சேரும் வரை நிற்கவில்லை. வரும் வழியெல்லாம் அப்பா, “அட்ட கடிச்சா கெட்ட ரத்தம் போயிரும், ஒடம்புக்கு நல்லது,” என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

செவ்வாய்க்கிழமை எனக்கும் அப்பாவுக்கும் லீவு கேட்டு வாங்கிக்கொண்டு, பஸ் பிடித்து நுவரெலியாவுக்குப் போனோம். அம்மா வரவில்லை. “என்னால முடியாது, நீங்களே பட்டுக்கிட்டு வாங்க,” என்று சொல்லிவிட்டார். நுவரெலியாவில் மழை. அப்பாவோ விடுவதாக இல்லை. குடையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

“இது துரைமாரு கிளப்பு. உள்ள விடமாட்டாங்க. இது பந்தடிக்கிற எடம். உள்ள விடமாட்டாங்க. அது குதிர ஓடுற எடம். இங்கேருந்தே பாத்துக்கலாம்.”

“உள்ள விடுற எடம் ஒண்ணாச்சும் இருக்காண்ணே?” என்றார் அத்தை.

இருந்தது. குளத்தங்கரை. அங்கே யாரும் எங்களைத் தடுக்கவில்லை. ஆனால் குளம் இல்லை. அதாவது குளம் இருந்தது, அதன் மேல் பனி மூடியிருந்தது. நாங்கள் ஒரு கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு வெள்ளைக் காகிதத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றோம். அப்போதுதான் மச்சான், அத்தை மகன், வந்ததிலிருந்து முதல் தடவையாக என்னிடம் பேசினார்.

“கடுதாசியெல்லாம் நீங்க எழுதுனதா?”

“எழுதுனது மட்டுந்தான் நானு,” என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “எழுத்து முத்து முத்தா இருக்கும். எல்லாத்தையும் எடுத்து வச்சிருக்கேன். இப்பயும் கொண்டாந்திருக்கேன்,” என்றார். எனக்கு அந்த மழையிலும் காது சுட்டது. வெயிலுக்காக மட்டும்தான் சம்மதம் என்று கொஞ்சம் முந்திச் சொன்னேன் அல்லவா, அதில் ஒரு சின்னத் திருத்தம் அன்றைக்கு வந்தது.

நனைந்துபோய் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு நானா கடையில், அதாவது முஸ்லிம் ஒருவரின் தேநீர்க்கடையில், ஒதுங்கினோம். “வாங்க வாங்க, நல்லாச் சாயம் எறக்கித் தாரேன், குளிருக்குக் குடிங்க,” என்றார் நானா. வந்த தேநீர் மை மாதிரி இருந்தது. அத்தை ஒரு வாய் குடித்தார். நாலு நாளில் முதல் தடவையாக அவர் முகம் மலர்ந்தது.

“இதாண்ணே தேத்தண்ணி! கடத்தூளே இப்பிடி கறுப்பா எறங்குதுன்னா, ஒங்க கையில இருக்குற மொதத் தரம் எப்பிடி எறங்கும்! வந்த நாளா சாதாத் தூளத்தானே போட்டுக் குடுக்குறீங்க? அத எப்ப கண்ணுல காட்டப் போறீங்க?”

அப்பா குடையை மடக்கினார், விரித்தார், மறுபடியும் மடக்கினார். அத்தை விடவில்லை. “அருவியும் தெரியல, கொளமும் தெரியல. எழுதுன கடுதாசியில ஒண்ணாச்சும் நெசம்னு நான் பாக்கணும்ல? அந்தத் தூளப் போட்டுக் குடுங்க. குடிச்ச கையோட வெத்தல பாக்கு மாத்திக்குவோம்.”

அப்பா என்னைப் பார்த்தார். வாயைத் திறந்து எதுவும் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கோபம். சொல்லியிருந்தால் மாட்டேன் என்று சண்டை பிடித்திருக்கலாம்.

ஸ்டோரிலிருந்து ஒரு பிடி தூள் எடுத்து மாட்டினால் என்ன ஆகுமென்று தோட்டத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். பத்துச்சீட்டைக் கையில் கொடுத்துத் தோட்டத்தை விட்டே விரட்டிவிடுவார்கள். எடுத்தவளுக்கு மட்டும் இல்லை, குடும்பத்துக்கே வேலையும் போய், இருக்கிற ஒற்றை அறையும் போய், சட்டி பானையோடு ரோட்டில் நிற்கவேண்டும். இதெல்லாம் தெரிந்துதான் செய்தேன். வெயிலும் வேண்டும், முத்து முத்தான எழுத்து என்று சொன்ன மனுஷரும் வேண்டும் என்று ஆகிவிட்டால் பிறகு புத்தி எங்கே வேலை செய்யும்?

மடியைத்தான் உதறச் சொல்லுவார்கள், தலையை யாரும் பார்க்கமாட்டார்கள். எனக்கு அந்தக் காலத்தில் முழங்கால் வரை முடி. புதன், வியாழன், வெள்ளி, மூன்று நாள் சாயந்தரமும் ஒவ்வொரு பிடி தூளைத் துணித்துண்டில் முடிந்து, கொண்டைக்குள் வைத்துச் சுருட்டிக்கொண்டு வந்தேன். வியாழக்கிழமை வாசலைத் தாண்டி நாலு எட்டு வைத்திருப்பேன்.

“ஏ புள்ள, நில்லு!” என்றார் காவல்காரர்.

நின்றேன். அம்மா அடுப்பைத் தலையில் வைத்துக்கொண்டு ரோட்டில் நிற்பது கண்ணுக்குத் தெரிந்தது. காவல்காரர் குனிந்து தரையிலிருந்து எதையோ எடுத்தார்.

“கொண்டையில வச்ச ரோசாப்பூவு விழுந்துருச்சு. இந்தா.”

வாங்கிக்கொண்டேன். மறுபடியும் தலையில் வைக்கக் கை வரவில்லை. லயம் வரைக்கும் அந்தப் பூவைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நடந்தேன்.

வெள்ளிக்கிழமை சாயந்தரம் தேநீர். மறுநாள் காலையில் அவர்களுக்கு ரயில். அத்தை இஸ்தோப்பில், அதுதான் எங்கள் அறைக்கு முன்னால் இருக்கிற ஒடுக்கமான தாழ்வாரம், காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். வெற்றிலைத் தட்டு பக்கத்திலேயே தயாராக இருந்தது. உள்ளே அம்மா, இருபது வருஷமாக மட்டத்தூளைப் போட்ட அதே துணி வடிகட்டியில் முதல் தரத்தைப் போட்டு, அதே மாதிரி வெந்நீரைச் சரேலென்று ஊற்றினார். வைக்கோல் கழுவின தண்ணீர் மாதிரி என்னவோ இறங்கியது.

“என்னாடி இது, சாயமே எறங்கல?” என்றார் அம்மா, குரலைத் தாழ்த்தி.

“இன்னுங்கொஞ்சம் போடுங்கம்மா.”

போட்டார். அதே வைக்கோல் தண்ணீர். அந்தத் தூளைக் கொஞ்ச நேரம் மூடிவைத்து ஊறவிடவேண்டும் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? பங்களா சமையல்காரருக்குத் தெரிந்திருக்கும். எங்களுக்கு அதைப் பொறுக்கத் தெரியும், சலிக்கத் தெரியும், பெட்டியில் அடைத்து ஆணி அடிக்கத் தெரியும். வெளியே அத்தை தொண்டையைச் செருமினார். அம்மா தூளைச் சட்டியில் கொட்டி, கொதி கொதியென்று கொதிக்கவைத்தார். அப்போது நிறம் வந்தது. கூடவே ஒரு வாசமும் வந்தது. எனக்குத் தெரிந்த வாசம்.

தேங்காய் எண்ணெய்.

தினமும் காலையில் தலைக்கு வழிய வழிய எண்ணெய் வைப்பேன். ஸ்டோரில் நாங்கள் தலையில் துணி கட்டிக்கொண்டுதான் வேலைக்கு உட்காரவேண்டும். வெங்காயம் தின்றுவிட்டு வந்தால்கூட ஆலையைப் பார்த்துக்கொள்கிற டீமேக்கர் ஐயா திட்டுவார், தூள் எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளும் என்று. நூறு தடவை கேட்டிருக்கிறேன். கேட்டு என்ன பிரயோசனம்? முதல் தரத்தை மூன்று நாள் என் கொண்டைக்குள் வைத்து ஊறப்போட்டுக் கொண்டுவந்தவள் நான்தானே.

கோப்பையில் எண்ணெய் வட்டம் வட்டமாக மிதந்தது. அத்தை ஒரு வாய் வைத்தார். முகம் போன போக்கைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

“என்னா அண்ணி இது? தல முழுகுன தண்ணியா?”

“இதான் தங்கச்சி மொதத் தரம்,” என்றார் அப்பா.

“யாருகிட்ட சொல்றீங்க? சாதாத் தூளே மையாட்டம் எறங்குது. கசக்குது, எண்ணெ நாறுது, இது மொதத் தரமா? நல்லத ஒளிச்சு வச்சுக்கிட்டு எனக்குக் கழிச்சத ஊத்துறீங்களா? அருவின்னீங்க, பங்களான்னீங்க, எல்லாத்தையும் பொறுத்துக்கிட்டேன். குடிக்கிற தண்ணியிலயும் பொய்யா?”

அப்பா வாயைத் திறந்தார். எப்படி வந்த தூள் என்று சொல்லவேண்டும். அத்தைக்கோ ஊருக்கே கேட்கிற குரல். லயத்தில் அறைக்கும் அறைக்கும் நடுவே இருக்கிற சுவர் கூரை வரை ஏறாது. இந்தக் கடைசியில் தும்மினால் அந்தக் கடைசியில் நூறு வயசு என்பார்கள். அப்பா வாயை மூடிக்கொண்டார். ஆயுளில் ஒரு தடவை பொட்டும் பூவும் வைக்காத உண்மை அவர் கையில் இருந்தது, அதைச் சொல்ல வழியில்லை. எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் அந்த இடத்திலேயே கரைந்து, அழுகையாக வந்துவிட்டது.

அத்தை கோப்பையை முற்றத்தில் கவிழ்த்தார். மச்சான் தன் கோப்பையைக் கடைசிச் சொட்டு வரை குடித்து, ஓசையில்லாமல் கீழே வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருக்கலாம். வெற்றிலைத் தட்டை அம்மா உள்ளே எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலையில் வெயில் அடித்தது! எட்டு நாளாக எங்கே போய்த் தொலைந்திருந்ததோ, வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. எதிர்மலையில் அந்தப் பாழாய்ப்போன அருவி உச்சியிலிருந்து அடிவரை பளபளவென்று விழுந்துகொண்டிருந்தது. அத்தை அட்டைக்குப் பயந்து காலடியையே பார்த்துக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

“அத்தே! திரும்பிப் பாருங்க, அருவி தெரியுது!” என்று கத்தினேன்.

“போதும்டி ஆத்தா, பாத்த வரைக்கும் போதும்,” என்றார் அத்தை, தலையை நிமிர்த்தாமலே.

மச்சான் திரும்பிப் பார்த்தார். அருவியையா, என்னையா என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது. இஸ்தோப்பில் நூலால் கட்டிய ஒரு காகிதக் கட்டு கிடந்தது. என் கடுதாசிகள். அத்தை வைத்துவிட்டுப் போகச் சொல்லியிருப்பார். எண்ணிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. ஒன்றையாவது மச்சான் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனார் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

மிஞ்சிய தூள் ஒரு பிடி இருந்தது. “யாரு கண்ணுலயும் படுறதுக்குள்ள தண்ணி ஓடுற கானுல கொட்டுடி,” என்றார் அம்மா. அப்பா வேண்டாம் என்றார். “போட்டுக் குடு தாயி. நானும் குடிச்சதில்லல்ல.”

விறகு ஈரம். கடுதாசிக் கட்டைப் பிரித்து அடுப்பில் வைத்தேன். வீட்டு வாசல் அருவியும் பங்களாவும் நன்றாகவே எரிந்தன. அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகக் குடித்தார். எத்தனையோ வருஷமாக அந்த மலையில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டியவர். கத்தி பிடித்துப் பிடித்து விரல்கள் நிமிராது. பாதி குடித்துவிட்டு என்னை அண்ணாந்து பார்த்தார்.

“தாயி, நெசமாவே இதுதானா அது?”

“ஆமாப்பா, இதுதான்,” என்றேன்.

அவர் பிறகு மிச்சத்தையும் குடித்துவிட்டு, வெட்டுக்கத்தியைத் தேடி எடுத்துக்கொண்டு மலைக்குப் போனார்.

நான் அடுத்த தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டேன். அங்கேயும் இதே பனி, கால்விரல் இன்னும் காயவில்லை. வெளியூர்க்காரர்கள் யாராவது வந்து, உங்கள் ஊர்த் தேயிலை உலகத்திலேயே பேர்போனதாமே, எப்படி இருக்கும் என்று கேட்பார்கள். நான் குடித்தது ஒரே ஒரு தடவை, அன்றைக்கு அப்பாவுக்குப் போட்ட சட்டியில் மிஞ்சிய அரைக் கோப்பை. அதில் என் தலைமுடி வாசம்தான் அடித்தது.